எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?

வாசகர் கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். ஊரையும் தெருவையும் சொன்னால் போதும். தாத்தா வரைக்கும் மீதியைக் கேட்டவரே தோண்டி எடுத்துக்கொள்வார். நேர்காணலிலும் அலுவலகக் கூட்டத்திலும் அந்த வசதி கிடையாது. அங்கே நம் தெருவை அறிந்தவர் யாருமில்லை, நாமே சொன்னால்தான் உண்டு. இந்த மாதம் வந்த கடிதங்களில் பல இதையே சுற்றி வந்ததால், பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டோம்.

பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். வளாக நேர்காணலில் ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்றதும் மனப்பாடம் செய்துவைத்ததை ஒப்பித்தேன். நடுவில் ஒரு வரி மறந்தது, அதோடு எல்லாம் போய்விட்டது. அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி வருகிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, தேவகோட்டை

மனப்பாடம் செய்ததில் தப்பில்லை. முழுவதையும் மனப்பாடம் செய்ததுதான் தப்பு. வரிக்கு வரி ஒப்பிக்கிறவருக்கு ஒவ்வொரு வரியும் அடுத்த வரியின் கையைப் பிடித்துக்கொண்டே வரும். ஒன்று விட்டுப்போனால் பின்னால் வருவது எதுவும் வராது. முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பதை மூன்று சொற்களாக ஒரு சிறு அட்டையில் எழுதுங்கள். வாக்கியமாக எழுதவே கூடாது.

இனி, என்ன சொல்வது என்பது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் வழிவழியாக வரும் பாடம் ஒன்று உண்டு: ‘மைசெல்ஃப் மீனாட்சி, ஐ ஆம் கமிங் ஃப்ரம் தேவகோட்டை, மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப், மை ஹாபி இஸ் லிசனிங் டு மியூசிக்.’ இதில் ‘மைசெல்ஃப்’ ஆங்கிலமே அல்ல; ‘ஐ ஆம் மீனாட்சி’ போதும். ‘ஐ ஆம் கமிங் ஃப்ரம்’ என்றால் இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன் என்று பொருள்; ‘ஐ ஆம் ஃப்ரம்’ என்று சொல்லுங்கள். இந்த இலக்கணம் இரண்டு நாளில் சரியாகிவிடும். பெரிய குறை வேறு. இத்தனை சொன்ன பிறகும் எதிரே இருப்பவருக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியாது. உங்கள் பயோடேட்டா அவர் கையில் இருக்கிறது, மதிப்பெண்ணும் அப்பா பெயரும் அதில் இருக்கின்றன. அடுத்த கேள்வியைத் தொங்கவிட ஓர் ஆணி வேண்டும் என்றுதான் அவர் காத்திருக்கிறார்.

அந்த ஆணியை நீங்களே அடித்துவையுங்கள். இப்போது என்ன செய்கிறேன், இதுவரை என்ன செய்தேன், இங்கே ஏன் வந்தேன் என்ற வரிசை பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். உதாரணமாக:

“நான் மீனாட்சி, பி.காம். இறுதியாண்டு. போன கோடை விடுமுறையில் 6 வாரம் ஒரு ஜவுளிக் கடையில் கொள்முதல் பில்களை டேலியில் பதிவு செய்தேன். ஜிஎஸ்டி எண் தப்பாக இருக்கும் பில்களைத் தனியே பிரித்துவைப்பது என் பொறுப்பு. உங்கள் அறிவிப்பில் கணக்குப் பிரிவின் தொடக்க வேலை இதுதான் என்று போட்டிருந்தது, அதனால்தான் விண்ணப்பித்தேன்.”

கேட்டவர் அடுத்து என்ன கேட்பார்? ‘எண் தப்பு என்று எப்படிக் கண்டுபிடித்தாய்?’ என்பார். ஜிஎஸ்டி எண்ணில் 15 இலக்கம், முதல் 2 மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த 10 பான் எண் என்று நீங்கள் சொல்வீர்கள். செய்த வேலை என்பதால் அதில் உங்களுக்குத் தடுமாற்றம் வராது. பயிற்சிக்கு எங்கும் போகவில்லை என்றால் வீட்டுக் கடைக் கணக்கு, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் செய்த சாப்பாட்டுச் செலவுக் கணக்கு, கல்லூரிப் பிராஜெக்ட் என்று எதையாவது எடுங்கள். உண்மையாக உங்கள் கை பட்டதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். செய்யாததைச் சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடும்.

நீளம் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம். செல்போனில் பதிவு செய்து நேரம் பாருங்கள். கண்ணாடி முன் பேசுவதைவிட இது மேல், ஏனென்றால் கண்ணாடியில் முகத்தைத்தான் பார்ப்போம், பேச்சைக் கேட்க மாட்டோம். முதல் நாள் அட்டையைப் பார்த்துப் பேசுங்கள், இரண்டாம் நாள் பாராமல். மூன்றாம் நாள் அட்டையின் நடுச் சொல்லிலிருந்து தொடங்கிப் பேசுங்கள். யாரும் செய்யாத பயிற்சி இது. மறதி வந்தால் காப்பாற்றுவதும் இதுதான். அன்றைக்கும் வார்த்தை நின்றுபோனால் ‘சாரி’ சொல்லித் திரும்ப முதலிலிருந்து தொடங்காதீர்கள். நேராகக் கடைசி வரிக்குப் போய்விடுங்கள். நீங்கள் எதை விட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். சென்னை, பெங்களூரிலிருந்து ஆர்க்கிடெக்டுகள் வருகிறார்கள். ‘சின்னதா ஒரு தொழில் பண்றேங்க’ என்றுதான் வாயில் வருகிறது. பேசி முடித்ததும் அவர்கள் பெரிய ஷோரூம்காரர்களைத் தேடிப் போய்விடுகிறார்கள்.
— வாசகர், ஆத்தங்குடி

‘சின்னதா’, ‘ஏதோ’, ‘சும்மா’ என்ற மூன்றையும் பட்டறை வாசலிலேயே விட்டுவிடுங்கள். நமக்குள் பேசும்போது அது அடக்கம். கேட்பவரும் ஊர்க்காரர் என்பதால் அதைப் பெருக்கிப் புரிந்துகொள்வார். வெளியூர்க்காரர் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு, ‘இவரால் 3,000 சதுர அடி தர முடியாது போல’ என்று முடிவுகட்டிவிடுவார். இதற்கு மாற்று என்று நினைத்து ‘தரத்தில் நாங்கள்தான் நம்பர் ஒன்’ என்று தாவுவதும் உதவாது. அதை எல்லாரும் சொல்கிறார்கள்.

எண்ணையும் செய்முறையையும் சொல்லுங்கள். அந்தத் தொழிலில் இருப்பவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விவரம், பத்துப் பெருமைப் பேச்சுக்குச் சமம். இப்படி:

“வணக்கம், நான் சுப்பையா. ஆத்தங்குடியில் கையால் டைல்ஸ் வார்க்கிறோம். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்ட் ஊற்றி வார்ப்பது; சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறோம். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது. ஒரு நாளைக்கு எங்களால் இத்தனை கல் முடியும். உங்கள் டிசைனைக் கொடுத்தால் இத்தனை நாளில் மாதிரிக் கல் காட்டுவேன்.”

‘இத்தனை’ என்ற இடங்களில் உங்கள் பட்டறையின் உண்மையான எண்ணைப் போடுங்கள். கூட்டிச் சொன்னால் முதல் ஆர்டரிலேயே பெயர் கெடும். மனக்கணக்கும் நாக்கு நுனியில் இருக்கட்டும்: 1,000 சதுர அடிக்கு 8 அங்குலக் கல் என்றால் 2,250, 10 அங்குலம் என்றால் 1,440, 12 அங்குலம் என்றால் 1,000, உடைசலுக்கும் வெட்டுக்கும் மேலே கொஞ்சம். அவர் கேட்டதும் போனை எடுத்துக் கால்குலேட்டர் தேடாமல் நீங்கள் சொல்லும் அந்த ஒரு நொடியில்தான், இவர் இதே வேலையாக இருப்பவர் என்று அவருக்குப் படும்.

இன்னொன்று. குறையையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கைவேலை என்பதால் ஒரு தடவை வார்த்ததற்கும் மறு தடவைக்கும் நிறம் நூல் அளவு மாறும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேல்பரப்பு கெடும். போட்ட கொஞ்ச நாளைக்கு மங்கலாகத் தெரிந்து, புழங்கப் புழங்கத்தான் மெருகேறும். இதைப் பின்னால் அவர் கண்டுபிடித்தால் புகார். நீங்கள் முன்னால் சொன்னால் அது யோசனை.

கடைசியாக, ஒரு கல்லை அவர் கையில் கொடுங்கள். கொடுத்த பிறகு பேச்சை நிறுத்துங்கள். அவர் திருப்பிப் பார்ப்பார், விரலால் தடவுவார், பக்கவாட்டில் கனத்தைப் பார்ப்பார். அது முடிவதற்குள் நாம் பேசினால் இரண்டில் ஒன்றுதான் அவருக்குள் போகும்.

சொந்த ஊர் பள்ளத்தூர், வேலை பூனாவில். என் பெயர் அழகப்பன், தகப்பனார் பெயர் சிதம்பரம். அலுவலகத்தில் ‘மிஸ்டர் சிதம்பரம்’ என்கிறார்கள். என் பெயரைச் சொல்ல முயன்றவர்களும் ‘அஸகப்பன்’ என்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் இதே கூத்து.
— வாசகர்

நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து வெறும் எழுத்தல்ல. பழ., சித., மெ., ராம. என்று நகரத்தார் வீட்டு விலாசங்களில் மூன்று நான்கு கோத்து வரும். அப்பா, ஐயா என்று தலைமுறை ஏறிக்கொண்டே போகும். ஊருக்குள் அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு முகவரியே வேண்டாம். வடக்கே போனால் கணக்கு தலைகீழ். அங்கே பின்னால் வருவது குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்காருகிறது, அலுவலகக் கணினி அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதல் வேலை மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல்: ஆவணத்தில் எப்படி இருந்தாலும், மின்னஞ்சலிலும் கூட்டத் திரையிலும் தெரியும் பெயரை ‘அழகப்பன்’ என்று மாற்றித் தரும்படி. அநேகமாக எல்லா நிறுவனங்களிலும் இதற்கு வழி உண்டு. பாதிப் பிரச்சினை அத்தோடு தீரும்.

மீதிப் பாதி வாயில். ‘ழ’வுக்கு நாம் போடும் ஆங்கில எழுத்துகள் இரண்டில் முதலாவதைப் பார்த்துத்தான் அவர்கள் ‘அஸகப்பன்’ என்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. எழுத்தைப் பார்க்கும் முன் காதில் விழும்படி செய்யுங்கள். பெயரை ஒரு தடவை முழுதாக, பிறகு ஒரு மூச்சு இடைவெளி விட்டு இரண்டாகப் பிரித்து: ‘அழக்... அப்பன்’. ‘ழ’ வராவிட்டால் ‘ல’ போதும் என்று நீங்களே இறங்கிவந்து சொல்லலாம். தமிழ்நாட்டிலேயே பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ‘ழ’கரத்தின் சிறப்பைப் பற்றி அந்த இடத்தில் பாடம் எடுக்க வேண்டாம்.

சுருக்கப் பெயர் வேண்டுமென்றால் அதையும் நீங்களே வையுங்கள். ‘அழகு என்று கூப்பிடலாம்’ என்று முதல் நாளே சொன்னால் அதுவே நிலைக்கும். சொல்லாவிட்டால் அவர்கள் ஒன்று வைப்பார்கள், அது உங்களுக்குப் பிடிக்காது. தப்பாகச் சொன்னால் அதே பேச்சிலேயே சிரித்துக்கொண்டு ஒரு தடவை திருத்துங்கள். மூன்று மாதம் ‘மிஸ்டர் சிதம்பரம்’ என்பதற்குத் தலையாட்டிவிட்டு நான்காம் மாதம் திருத்தப் போனால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

துறைக் கூட்டங்களில் ஒவ்வொருவராக எழுந்து பெயர், பள்ளி சொல்வோம். என் முறை நெருங்க நெருங்க நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எழுந்தால் குரல் நடுங்குகிறது. வகுப்பில் 40 பிள்ளைகள் முன்னால் கத்துகிறவள் நான்!
— ஆசிரியை, காரைக்குடி

வகுப்பில் கத்த முடிகிறது என்பதால் குரலில் கோளாறு இல்லை. பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகிறது, மூச்சு நெஞ்சின் மேல்பாதியோடு நின்றுவிடுகிறது, தொண்டைத் தசை இறுகுகிறது. போதிய காற்று இல்லாமல் இறுகிய தொண்டை வழியாக வரும் குரல் நடுங்கத்தான் செய்யும். சரிசெய்ய வேண்டியது மூச்சை.

உங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் பாக்கி இருக்கும்போதே தொடங்குங்கள். முதலில் இருக்கிற காற்றை முழுக்க வெளியே விடுங்கள். 4 எண்ணும் வரை மூக்கால் உள்ளே, 6 எண்ணும் வரை மெல்ல வெளியே. ஐந்து முறை, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. வெளிவிடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் இதயத் துடிப்பை இறக்கும். பலர் ‘ஆழ்ந்து மூச்சு விடுங்கள்’ என்பதைக் கேட்டு இழுத்து இழுத்து நிரப்புகிறார்கள். அதனால் தலைசுற்றல்தான் மிச்சம்.

அடுத்தது, எழுந்திருக்கும் விதம். முக்கால்வாசிப் பேர் நாற்காலியிலிருந்து எழும்பிக்கொண்டே பேசத் தொடங்குகிறார்கள். எழுவதற்குப் போன மூச்சுதான் பேச்சுக்கு இல்லாமல் போகிறது. எழுங்கள், இரண்டு பாதமும் தரையில் பதியட்டும், ஒரு மூச்சு, பிறகு ‘வணக்கம்’. உடைந்த குரல் வருவதானால் அந்த ‘வணக்கத்தில்’ வந்துபோகட்டும், பெயருக்கு வருவதற்குள் தெளிந்துவிடும். தமிழில் இன்னொரு சிக்கல்: ‘என் பெயர் விசாலாட்சி’ என்னும்போது பெயர் வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது, மூச்சு தீரும் இடம் அது. அதனால்தான் பெயர் மட்டும் யாருக்கும் கேட்பதில்லை. ‘என் பெயர்’ என்றதும் சற்று நிறுத்தி, பெயரைப் புது மூச்சில் சொல்லுங்கள்.

கையில் ஏ4 தாள் வேண்டாம். மெல்லிய தாள் விரல் நடுக்கத்தைப் பத்து மடங்காக்கி ஊருக்கே காட்டும். தபால் அட்டை அளவில் கெட்டி அட்டை போதும். மைக் கொடுத்தால் நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள், தட்டிப் பார்க்காதீர்கள். வாய் உலர்ந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மிடறு. வெறும் வயிற்றில் காப்பி அன்றைக்கு வேண்டாம், அதுவே நெஞ்சை அடிக்க வைக்கும்.

கூட்டத்துக்கு முந்தைய இரவுகளில் தூக்கம் போவது, கூட்டத்தையே தவிர்க்க லீவு போடுவது என்ற அளவுக்குப் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சையில் சரியாகக் கூடிய ஒன்றுதான்.

கானாடுகாத்தானில் ஓட்டலாக மாற்றிய பழைய வீடு ஒன்றில் வரவேற்பில் இருக்கிறேன். வெளிநாட்டு விருந்தினர் கை நீட்டுகிறார்கள். ஆண்களுக்குக் கை கொடுப்பது எனக்குச் சங்கடம். மரியாதைக் குறைவாகவும் தெரியக் கூடாது.
— வாசகி

அவர் கை நீட்டிய பிறகு கும்பிட்டால்தான் மறுத்தது போலத் தெரியும். அதனால் தூரத்தைப் பாருங்கள். அவர் மூன்று நான்கு அடி தள்ளி இருக்கும்போதே கைகூப்பி, முகம் பார்த்து ‘வணக்கம்’ சொல்லிவிடுங்கள். செட்டிநாட்டு வீட்டுக்கு வந்திருப்பவர் அதை ஊர் வழக்கம் என்று எடுத்துக்கொண்டு தானும் கைகூப்புவார். அதையும் மீறி நீட்டினால், விருப்பமிருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் கையைக் கூப்பியபடியே புன்னகையோடு நின்றால் போதும், விளக்கம் தேவையில்லை.

அறிமுகத்தில் மூன்று போதும்: பெயர், அவர்களுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள், அடுத்து என்ன. “நான் தெய்வானை. நீங்கள் தங்கும் இரண்டு நாளும் எது வேண்டுமென்றாலும் என்னைக் கேளுங்கள். இப்போது முகப்பிலிருந்து வளவு வழியாக உங்கள் அறைக்குப் போவோம்.” பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், முட்டை கலந்த சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் அவர்கள் குளித்துச் சாப்பிட்ட பிறகு. பயணக் களைப்பில் நிற்பவரிடம் தூணின் வரலாறு எடுபடாது.

பெயர்ப் பட்டையை வலது பக்கம் குத்துங்கள். சேலை முந்தானை இடது தோளில் வருவதால் இடப்பக்கம் குத்தினால் பாதி நேரம் மடிப்புக்குள் போய்விடும்.

பெங்களூரில் பேட்டரி தயாரிக்கும் நிறுவனத்தில் இருக்கிறேன். காரைக்குடி, செட்டிநாடு என்றாலே ‘ஓ, செட்டிநாடு சிக்கன்!’ என்று சிரிக்கிறார்கள். பேச்சு அதோடு மசாலாவுக்குப் போய்விடுகிறது.
— வாசகர், கோட்டையூர்

கோபப்படாதீர்கள், ஊர் பெயர் தெரிந்திருக்கிறதே. சிரித்துவிட்டு உடனே உங்கள் தொழிலுக்குப் பாலம் போடும் ஒரு வரியைக் கையில் வைத்திருங்கள். உங்களுக்கு அது தட்டில் வைத்துக் கொடுத்தது போல இருக்கிறது: ‘சிக்கனும் உண்டு, பேட்டரி ஆராய்ச்சி செய்யும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் 1953 முதல் எங்கள் காரைக்குடியில்தான் இருக்கிறது.’ அதோடு பேச்சு பேட்டரிக்கு வந்துவிடும். ஜவுளித் துறையில் இருப்பவர் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையைச் சொல்லலாம். ஒரு வரிதான், இரண்டாவது வரிக்குப் போனால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும்.

குழந்தைகளுக்காக 9 வருடம் வேலையை விட்டிருந்தேன். இப்போது மறுபடி தேடுகிறேன். ‘ஹவுஸ்வைஃபா இருந்தேன்’ என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிடுகிறது.
— வாசகி, திருப்பத்தூர்

அந்த வாக்கியத்தை முதலில் வைப்பதால்தான் இறங்குகிறது. முன்பு செய்த வேலை முதலில், இடைவெளி நடுவில் ஒரே வாக்கியமாக, இப்போது தயாராக இருப்பது கடைசியில். “நான் 5 வருடம் சம்பளப் பட்டியல் பிரிவில் வேலை பார்த்தேன். பிறகு 9 வருடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். இப்போது மூன்று மாதமாகப் புதிய மென்பொருளில் பயிற்சி எடுத்திருக்கிறேன்.” இடைவெளியைப் பற்றி ‘ஆனால்’, ‘துரதிருஷ்டவசமாக’, ‘மன்னிக்கவும்’ எதுவும் வேண்டாம். மூன்றாவது வாக்கியம் உண்மையாக இருந்தாக வேண்டும்; அதனால் பயிற்சியை முதலில் முடியுங்கள், விண்ணப்பம் பிறகு.

புதுவயலில் அரிசி ஆலை. வெளியூர் மொத்த வியாபாரிகளுக்குப் போன் போட்டால் பாதியில் வைத்துவிடுகிறார்கள்.
— வாசகர்

‘ஹலோ, யாரு பேசுறது?’ என்று தொடங்குகிறீர்களோ? கூப்பிட்டவர்தான் முதலில் யாரென்று சொல்ல வேண்டும். பெயர், ஆலை, ஊர், எண் யார் மூலம் கிடைத்தது, விஷயம் ஒரே வரியில், பிறகு ‘இப்போது 2 நிமிடம் பேசலாமா, சாயந்தரம் கூப்பிடட்டுமா?’ இவ்வளவும் 15 விநாடிக்குள் வந்துவிட வேண்டும். சாயந்தரம் என்றால் மணியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு அந்த மணிக்கே கூப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஹாய் சார்’ போட்டுவிட்டுக் காத்திருப்பது வேண்டாம். மேலே சொன்ன அனைத்தும் ஒரே செய்தியில் போகட்டும்.

ஆன்லைன் கூட்டத்தில் ‘புதியவர்கள் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்’ என்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் நிறுத்தி... என்ன செய்வது?
— வாசகி, காரைக்குடி

மியூட்டை எடுத்து ஒரு விநாடி பொறுத்துப் பேசுங்கள். உடனே பேசினால் முதல் சொல் வெட்டுப்படும், அது பெரும்பாலும் உங்கள் பெயராக இருக்கும். மோதிக்கொண்டால் ‘நீங்கள் சொல்லுங்கள், அடுத்து நான்’ என்று சொல்லிவிட்டால் வரிசை நிலைக்கும். 20 விநாடி போதும். முடித்ததும் அடுத்தவர் பெயரைச் சொல்லிக் கைமாற்றுங்கள், தலைமை தாங்குபவர் உங்களை மறக்க மாட்டார்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?
— வாசகர், கண்டனூர்

கேள்வி எந்த மொழியில் வந்ததோ அதில். ஆங்கிலத்தில் தடுமாறினால் முதல் இரண்டு வரியை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ‘மீதியைத் தமிழில் சொல்லலாமா?’ என்று கேட்கலாம். கேட்காமல் நடுவில் தாவுவதுதான் தடுமாற்றமாகத் தெரியும்.

என்னை அறிமுகப்படுத்திக்கொள்வது பிரச்சினையில்லை. அவர் தன் பெயரைச் சொன்ன அடுத்த நிமிடமே எனக்கு மறந்துவிடுகிறது.
— வாசகர், தேவகோட்டை

அவர் பேசும்போது நீங்கள் அடுத்து சொல்லப்போவதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் பெயர் காதோடு நின்றுவிடுகிறது. உங்கள் முதல் வரி ஏற்கெனவே பாடமாக இருந்தால் அந்த ஒத்திகை தேவைப்படாது. பெயர் கேட்டதும் அதையே திருப்பிச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கதிரேசன்... நீங்கள் எந்தக் கிளை?’ பிரியும்போது இன்னொரு தடவை. விசிட்டிங் கார்டு வாங்கினால் உடனே பைக்குள் போடாமல் பெயரை ஒரு முறை வாசியுங்கள். வெளியே வந்ததும் கார்டின் பின்னால் தேதியும் எங்கே பார்த்தீர்கள் என்பதும் பென்சிலால் இரண்டு சொல். அப்படியும் மறந்தால், ‘பெயரை இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அடுத்த சந்திப்பில் கேட்பதுதான் கஷ்டம்.